83 என்ற எண்ணும் அதன் பக்கத்து எண்ணும்

செம்பரம்பாக்கம் ஏரியின் அருகே செல்லும் பெங்களூர் நெடுஞ்சாலையில் சற்று நேரம் நின்று பார்ப்பவர்கள், மேற்கே இருங்காட்டுக்கோட்டைப் பக்கமிருந்து புத்தம் புதிய கார்களை இரண்டடுக்காகச் சுமந்துகொண்டு சென்னையை நோக்கிச் செல்லும் நீண்ட லாரிகளை அவசியம் காண்பார்கள். 1998-ஆம் ஆண்டு ஹூண்டாய் நிறுவனத்தின் சாண்ட்ரோ கார் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வெளிவந்தது முதல், ஏரியையும் வயலையும் நம்பி வாழ்ந்த இந்தப் பிரதேசத்தில் கார் உற்பத்தியே ஆயிரக்கணக்கான குடும்பங்களின் ஜீவனோபாயமாகிவிட்டது. ஆயினும் அந்தக் கார்களை வாங்கி ஓட்டுகிறவர்களில், இன்ஜினின் சக்தியைக் குறிக்கும் எண்ணை நினைவில் வைத்திருப்பவர்கள் பலர். அதன் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் இன்னோர் எண்ணைக் கவனித்தவர்கள் மிகச் சிலரே என்பது என் அனுபவம்.

இங்கே தயாராகும் கிராண்ட் ஐ10 நியோஸ் என்ற சிறு காரையே உதாரணமாகக் கொள்வோம். அதன் 1197 சி.சி. பெட்ரோல் இன்ஜினுக்கு 83 பி.எஸ். சக்தி என்று விவரக் குறிப்பு சொல்லுகிறது. சொன்ன கையோடு, ஒரு சாய்கோடு போட்டு, 6000 ஆர்.பி.எம். என்றும் சேர்க்கிறது. அடுத்த வரியில் டார்க் 113.8 நியூட்டன் மீட்டர், 4000 ஆர்.பி.எம். என்று இருக்கிறது. கிராங்க் ஷாஃப்ட் நிமிஷத்துக்கு 6000 முறை சுழலும் அந்த ஒரு நிலையில்தான் இன்ஜின் 83 பி.எஸ். தருகிறது என்பதும், 2000 சுற்றில் ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் அந்தச் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே கிடைக்கும் என்பதுமே அந்தச் சாய்கோட்டின் தாத்பரியம்.

பம்புசெட் வருவதற்கு முன் நம் நாட்டில் கிணற்று நீரை இறைத்த கவலையை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். மாடுகள் சரிவில் இறங்க, வடம் சால் என்னும் பெரிய வாளியை மேலே இழுக்கும். சால் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி கிணற்றுக்குள் இறங்கும். ஒரு சாலில் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்பது ஒன்று. ஒரு நாழிகையில் எத்தனை சால் இறைக்கிறோம் என்பது மற்றொன்று. வயலுக்குப் பாயும் நீர் இவ்விரண்டையும் பெருக்கிய தொகை. இன்ஜினில் சாலின் கொள்ளளவுதான் டார்க் எனப்படும் முறுக்குவிசை; இறைக்கும் வேகந்தான் ஆர்.பி.எம்.; பாய்ந்த நீர்தான் சக்தி. ஜேம்ஸ் வாட் குதிரைச் சக்தி என்ற அளவை ஏற்படுத்தியதும், குதிரைகள் செய்த வேலையோடு தம் நீராவி யந்திரத்தை ஒப்பிட்டுக் காட்டுவதற்காகத்தான். பி.எஸ். என்பது 75 கிலோ எடையை ஒரு விநாடியில் ஒரு மீட்டர் உயரம் தூக்கும் சக்தி. பி.எச்.பி. அதைவிடச் சற்றே பெரிய அளவு, 83 பி.எஸ். ஏறத்தாழ 82 பி.எச்.பி. ஆகும்.

இறைப்பவன் அவசரப்பட்டால் என்ன ஆகும்? சால் முழுவதும் நிறையும் முன்பே மேலே வந்துவிடும். இன்ஜினிலும் அதுவே நிகழ்கிறது. 4000 சுற்றில் 113.8 ஆக இருந்த முறுக்குவிசை, 6000 சுற்றில் ஏறத்தாழ 97-ஆகக் குறைந்துவிடுகிறது. வால்வு திறந்திருக்கும் அற்ப நேரத்துக்குள் சிலிண்டர் வயிறு நிறையக் காற்றை இழுக்க இயலாததே முக்கிய காரணம். ஆனால் சால் சற்றுக் குறைந்து வந்தாலும் எண்ணிக்கை ஒன்றரை மடங்காகிவிட்டதால், 4000 சுற்றில் சுமார் 65 பி.எஸ்.ஸாக இருந்த சக்தி 83-ஆக உயர்கிறது. அதற்கும் மேலே போனால் குறைவு பெருக்கத்தை விஞ்சிவிடுகிறது. சத்தம் ஏறுமேயன்றிச் சக்தி ஏறாது.

அதே தொழிற்சாலையில் உற்பத்தியாகும் கிரெட்டா காரின் இரண்டு இன்ஜின்களை அருகருகே வைத்துப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். பெட்ரோல் இன்ஜின் 6300 சுற்றில் 115 பி.எஸ். தருகிறது, டீசல் இன்ஜின் 4000 சுற்றில் 116 பி.எஸ். தருகிறது. சக்தி ஏறக்குறைய ஒன்றே. ஆனால் டீசலின் முறுக்குவிசை 250 நியூட்டன் மீட்டர், பெட்ரோலினுடையது 144 மட்டுமே. ஒன்று பெரிய சாலால் நிதானமாக இறைக்கிறது, மற்றது சின்னச் சாலால் விரைந்து இறைக்கிறது. ‘டீசல் வண்டிக்குப் பிக்கப் அதிகம்’ என்று டிரைவர்கள் சொல்வதன் உண்மை இதுதான்.

இந்த வட்டாரத்துக் கார்த் தொழிலின் பூர்வ கதையிலும் இதற்கு ஓர் அத்தாட்சி உண்டு. வண்டலூரில் ஆலை வைத்திருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம், ஹெரால்டு கார்களை விற்று நற்பெயர் எடுத்தபின், 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 என்ற கம்பீரமான காரை வெளியிட்டது. மேனி இங்கிலாந்தின் ரோவர் காருடையது. இன்ஜினோ அதற்கும் முப்பது ஆண்டுகளுக்கு முந்திய பரம்பரையில் வந்த 1991 சி.சி. இன்ஜின். அது கொடுத்த சக்தியும் ஏறத்தாழ இன்றைய நியோஸ் கொடுக்கும் அளவுதான். மூன்றில் இரண்டு பங்கு அதிகக் கொள்ளளவில்லாமலே இன்று அதே சக்தி கிடைக்கிறதென்றால், இன்றைய இன்ஜின் நன்றாக மூச்சு விடுகிறது, ஆபத்தின்றி விரைந்து சுழலுகிறது என்பதே பொருள். பழைய இன்ஜினின் பிஸ்டன் ஒவ்வொரு முறையும் 92 மில்லிமீட்டர் ஏறி இறங்கவேண்டியிருந்தது, இன்றையது 75.6 மில்லிமீட்டர்தான் பிரயாணம் செய்கிறது.

அந்தச் சில மில்லிமீட்டர்கள் எப்படி இவ்வளவு முக்கியமாகின்றன என்பதை அறிய, இன்ஜினின் சுற்றைக் காட்டும் டாக்கோமீட்டரில் சிவப்பு நிறம் எங்கிருந்து தொடங்குகிறது என்பதை ஆராயவேண்டும். 6000 சுற்றில் நியோஸ் பிஸ்டனின் சராசரி வேகம் விநாடிக்குச் சுமார் 15 மீட்டர், அதாவது மணிக்கு 54 கிலோமீட்டர். நகரச் சாலையில் போகும் வேகந்தானே என்று தோன்றலாம். ஆனால் அது ஒரு விநாடியில் 200 முறை முற்றிலும் நின்று, நின்ற இடத்திலிருந்து எதிர்த்திசையில் கிளம்பவேண்டியிருக்கிறது. உச்சியில் நின்று திரும்பும் அந்தக் கணத்தில், கால் கிலோ எடையுள்ள ஒரு பிஸ்டன், 375 கிலோவுக்கும் மேற்பட்ட பாரத்தைப்போல, தன்னைக் கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடைப் பிடித்து இழுக்கிறது. இந்த இழுவை சுற்றின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வது. 6000-ஐ 7000 ஆக்கினால் வேகம் ஆறில் ஒரு பங்குதான் கூடும், இழுவையோ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடும். வால்வுகளை மூடும் ஸ்பிரிங்குகளுக்கும் ஓர் எல்லை உண்டு. வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டின் வேகத்துக்கு ஈடுகொடுத்து அவை வால்வை இருக்கையில் அமர்த்த இயலாமற் போனால், திறந்து நிற்கும் வால்வின் தலையில் பிஸ்டன் வந்து மோதலாம். கவலையின் வடம் அறுவதைப்போன்ற விபத்து இது. இத்தகைய சிறு பெட்ரோல் இன்ஜின்களில் பெரும்பாலும் 6000-க்கும் 7000-க்கும் நடுவிலும், கனத்த உறுப்புகளும் நிதானமான எரிதலும் உடைய டீசல் இன்ஜின்களில் 5000-ஐ ஒட்டியும் சிவப்பு தொடங்குவதற்கு இவைதாம் காரணங்கள்.

ஆக்ஸிலரேட்டரை மிதித்து அந்த எல்லையை மீறிவிட இன்று இயலாது. எல்லையை அடைந்ததும், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இ.சி.யு. தானாகவே பெட்ரோலைத் துண்டித்துவிடுகிறது. இதனால் இன்ஜினுக்குப் பூரண ரட்சை கிடைத்துவிட்டதாகப் பலர் எண்ணுகிறார்கள். அது தவறு, இன்ஜின் சக்கரத்தைச் சுழற்றும்போது மட்டுமே அந்தக் காவல் பலிக்கும், சக்கரம் இன்ஜினைச் சுழற்றும்போது பலிக்காது. நெடுஞ்சாலையில் ஐந்தாம் கியரில் 3200 சுற்றில் போய்க்கொண்டிருப்பவர், நான்காம் கியருக்கு இழுப்பதாக நினைத்து இரண்டாம் கியரில் போட்டுக் கிளட்சை விட்டுவிட்டால், அவ்விரு கியர்களின் விகிதம் ஏறத்தாழ இரண்டரை மடங்காகையால், ஓடுகிற வண்டியே இன்ஜினை 8000 சுற்றுக்கு இழுத்துப்போய்விடும். பெட்ரோலைத் துண்டித்து அப்போது என்ன பிரயோஜனம்? இறக்கத்திலும் இதே ஜாக்கிரதை வேண்டும். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு 36 கொண்டை ஊசி வளைவுகளோடு இறங்கும் கல்லட்டிப் பாதை போன்ற இடங்களில், பிரேக் சூடேறிப் போகாமலிருக்க முதல் அல்லது இரண்டாம் கியரில் இறங்குவதே முறை. அப்போது முள் 3500, 4000 என்று ஏறி நின்று இன்ஜின் இரைவதைக் கேட்டுப் பலர் பயந்து மேல் கியருக்கு மாறிவிடுகிறார்கள். அந்த இரைச்சலால் இன்ஜினுக்கு ஒரு கெடுதலும் இல்லை. பயந்து கியரை மாற்றினால்தான் உயிருக்கு அபாயம்.

அதிகச் சுற்றுக்கு அஞ்சும் நம்மவர்கள் குறைந்த சுற்றின் தீமையை அறிவதில்லை. மைலேஜுக்காக மணிக்கு 35 கிலோமீட்டரில் ஐந்தாம் கியரைப் போட்டுக்கொண்டு, பாலம் ஏறும்போது மாற்றச் சோம்பி, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்து வண்டியை முனக விடுவது நம் குடும்பங்களில் அன்றாடக் காட்சி. பேரிங்குகளுக்கு நடுவே எண்ணெய்ப் படலத்தைத் தாங்குவது சுழலும் வேகமே. வேகம் குறைந்து பளு கூடும்போது படலம் மெலிகிறது, சிலிண்டருக்குள் எரிபொருள் முறை தவறி வெடிக்கும் நாக்கிங்கும் தோன்றக்கூடும். சூடேறிய இன்ஜினில், எண்ணெய் சரியான அளவில் இருக்கையில், முந்திச் செல்வதற்காக 5000 சுற்றைத் தொடுவது அதைவிட எவ்வளவோ குற்றமற்றது. காலையில் ஸ்டார்ட் செய்தவுடன், எண்ணெய் இன்னும் தடித்திருக்கும்போது, உறுமவிடுவது மட்டும் ஆகாது.

குறிப்பில் உள்ள 83-க்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு. ஒரகடத்தில் மத்திய அரசின் முயற்சியால் அமைந்த உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையம் போன்ற இடங்களில் இன்ஜினைச் சக்தியளக்கும் கருவியான டைனமோமீட்டரில் பூட்டிச் சோதிக்கும்போது, கிடைத்த அளவை ஒரு நிர்ணயமான உஷ்ணத்துக்கும் காற்றழுத்தத்துக்கும் திருத்திக் கணக்கிடுவது வழக்கம். சித்திரை மாதத்து 40 டிகிரி வெயிலில் காற்று லேசாகி நூற்றில் ஐந்து பங்கு போல் குறைகிறது, ஏ.சி.யும் தன் பங்கைக் கேட்கிறது. 2200 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊட்டியிலோ, டர்போ இல்லாத இன்ஜின் ஐந்தில் ஒரு பங்கை இழந்துதான் நிற்கும்.

கார் ஆலை இருக்கும் அதே இருங்காட்டுக்கோட்டையில், மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1990-இல் திறந்த பந்தயப் பாதையும் இருக்கிறது. அங்கே ஓடும் எல்.ஜி.பி. பார்முலா கார்களில் இருப்பது 1300 சி.சி. ஸ்விஃப்ட் இன்ஜின், அதற்கும் முன்பு கோயம்புத்தூரைச் சேர்ந்த கரிவரதன் என்பவர், 796 சி.சி. மாருதி இன்ஜினைக்கொண்டே பந்தயக் கார்கள் செய்து, இளைஞர்களுக்கு அந்த வித்தையைக் கைக்கெட்டச் செய்தார். குடும்பக் கார் இன்ஜின் இத்தனை உழைப்பையும் தாங்குகிறது. ஆனால் பந்தயக்காரர்கள் எண்ணெயையும் உஷ்ணத்தையும் ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் பரிசோதிக்கிறார்கள், குறித்த காலத்தில் இன்ஜினைப் பிரித்தே பார்க்கிறார்கள்.

நமக்கு அவ்வளவு சிரமம் வேண்டியதில்லை. டாக்கோமீட்டர் இல்லாத சிறு கார்களும் உண்டு. அவற்றை ஓட்டுகிறவர்களுக்கென்றே, எந்த வேகத்துக்கு மேல் எந்தக் கியருக்கு இறங்கக் கூடாது என்ற பட்டியலைச் சில நிறுவனங்கள் உரிமையாளர் கையேட்டில் அச்சிட்டிருக்கின்றன. பெரும்பாலான வீடுகளில் அந்தக் கையேடு, கார் வாங்கிய அன்று போட்ட பிளாஸ்டிக் உறையோடு, டாஷ்போர்டுக்குள் இருக்கிறது.