உங்களுக்குத் தெரியுமா? சுறாப்பல் பொறுக்கும் கடற்கரை

அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில், மெக்சிகோ வளைகுடாவின் ஓரம் வெனிஸ் என்று ஓர் ஊர் இருக்கிறது. 'உலகின் சுறாப்பல் தலைநகர்' என்று அந்த ஊர்க்காரர்கள் பெருமையோடு சொல்லிக்கொள்வார்கள். ஊருக்குத் தெற்கே இருக்கும் காஸ்பர்சன் கடற்கரையில் மாடிக் கட்டடங்களோ கடைத்தெருவோ இல்லை. மணலும் கடற்கரைச் செடிகளும் குனிந்த தலையோடு நடக்கும் மனிதர்களும்தான்.

● சுறாவின் உடம்பில் எலும்பே கிடையாது. எல்லாம் குருத்தெலும்பு; செத்தால் மக்கிப்போகும். மிஞ்சுவது பல்தான். அதுவும் ஆயுள் முழுக்க விழுந்து முளைத்துக்கொண்டே இருக்கும். முன்வரிசைப் பல் விழுந்தால் பின்வரிசைப் பல் நகர்ந்து வந்து அந்த இடத்தை நிரப்பும். இப்படி ஒரே சுறா ஆயிரக்கணக்கான பற்களைக் கடலடியில் உதிர்த்துவிட்டுப் போகிறது.

● காஸ்பர்சனில் கிடைக்கும் பற்கள் பெரும்பாலும் கறுப்பு. சேற்றில் புதைந்து கிடந்த காலத்தில் அங்கிருந்த தாதுக்கள் பல்லுக்குள் இறங்கியதால் வந்த நிறம் அது. எனவே நிறத்தை வைத்து வயதைச் சொல்ல முடியாது.

● நிறைய பேர் விரல் நீளப் பல்லைத் தேடி ஏமாந்து போகிறார்கள். கரையில் கிடைப்பவை அநேகமாக விரல் நகத்தைவிடச் சிறியவை. அலை வந்து திரும்பும் ஈரக்கோட்டில், நொறுங்கிய சிப்பிகள் குவிந்திருக்கும் இடத்தில் பாருங்கள். கறுப்பாக, முக்கோணமாக, ஒரு பாதி பளபளப்பாகவும் மறுபாதி மங்கலாகவும் இருந்தால் கையில் எடுக்கலாம். பளபளப்பது பல்லின் முனைப்பகுதி, மங்கல் அதன் வேர். சீப்பைப் போல வரிவரியாக ஒரு துண்டு கிடைத்தால் அது திருக்கை மீனின் பல்தட்டு.

● நீண்ட கைப்பிடியில் கம்பிவலைக் கூடை பொருத்திய ஒரு கருவியோடு பலர் முழங்கால் தண்ணீரில் நிற்பார்கள். பனியே பெய்யாத அந்த ஊரில் அதற்கு 'ஃப்ளோரிடா ஸ்னோ ஷவல்', அதாவது ஃப்ளோரிடா பனிவாரி, என்று பெயர். அடுப்படிச் சல்லடையும் போதும்.

● மெகலோடான் என்ற ராட்சதச் சுறா அற்றுப்போய்ச் சுமார் 36 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. அதன் பெரிய பற்கள் 17 சென்டிமீட்டரைத் தொடும். வெனிஸில் அவற்றை எடுப்பவர்கள் பெரும்பாலும் கரையிலிருந்து விலகி முக்குளித்துத் தேடுபவர்கள்.

● இந்தப் பற்கள் சுறாவின் பற்கள்தான் என்பதே ஒரு காலத்தில் பெரிய விவாதம். ஐரோப்பாவில் 'நாக்குக் கல்' என்று சொல்லி, பாம்பின் நாக்கு கல்லானது என்றும் வானத்திலிருந்து விழுந்தது என்றும் நம்பினார்கள். 1666இல் இத்தாலியின் லிவோர்னோ அருகே பிடிபட்ட பெரிய சுறாவின் தலை ஃப்ளோரன்ஸுக்கு வந்தது. அதை அறுத்துப் பார்த்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த நிக்கோலஸ் ஸ்டெனோ. அதன் பல்லும் நாக்குக் கல்லும் ஒன்றுபோல இருப்பதைக் கண்டு 1667இல் எழுதினார். நிலவியலுக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவராக இன்று அவரைக் கொண்டாடுகிறோம்.

● ஃப்ளோரிடாவின் பல கடற்கரைகள் அரிக்கும்போது, வெளியிலிருந்து மணல் கொண்டுவந்து கொட்டி அகலப்படுத்துவார்கள். வெனிஸின் முக்கியக் கரையிலும் 1990களில் இது நடந்தது. புது மணல் விழுந்தால் பழைய படிவுகள் அடியில் போய்விடும். காஸ்பர்சனை இயற்கையின் போக்கில் விட்டுவிட்டார்கள். கடலடியின் பழைய படிவுகளை அலை அரித்து எடுத்து வருவதைத் தடுக்க அங்கே எதுவும் இல்லை. கடற்கரை என்றாலே அழகுபடுத்த வேண்டும் என்று துடிப்பவர்கள் அந்தக் கரையை ஒருமுறை பார்க்க வேண்டும். புயலுக்குப் பிறகு பற்கள் இன்னும் நிறைய ஒதுங்கும். ஆனால் புயல் பாதையையும் பாலத்தையும் சேர்த்துத்தான் உடைக்கும். கடற்கரை திறந்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

● சுறாப்பல்லையும் சிப்பிப் புதைபடிவங்களையும் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். ஆனால் அரசு நிலத்தில் கடல்பசுவின் விலா எலும்பு, பழங்காலக் குதிரையின் பல் போன்ற மற்ற முதுகெலும்புள்ள உயிர்களின் புதைபடிவங்களை எடுக்க, ஃப்ளோரிடா இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் அனுமதிச் சீட்டு வேண்டும். நல்ல சட்டம். அபூர்வமான ஒன்று ஆய்வாளர் கண்ணில் படாமலே வீட்டு அலமாரிக்குப் போய்விடக் கூடாது.

● சிப்பியில் வட்டமாக, யாரோ துளைக்கருவி வைத்துப் போட்டது போல ஓட்டை இருக்கிறதா? வெளிப்பக்கம் அகன்றும் உள்ளே குறுகியும் இருந்தால் அது நிலா நத்தையின் வேலை. அமிலம் சுரந்து சிப்பியின் மேலோட்டை இளக்கி, அரம் போன்ற நாக்கால் சுரண்டித் துளைத்து, உள்ளே இருந்த உயிரைத் தின்றுவிட்டுப் போயிருக்கிறது. அதே நத்தை மணலையும் சளியையும் குழைத்துச் சட்டைக் கழுத்துப்பட்டி வடிவில் தன் முட்டைகளைப் பொதிந்து வைக்கும். பலர் அதை ரப்பர் குப்பை என்று நினைத்துத் தூக்கி எறிகிறார்கள். தயவுசெய்து தொடாதீர்கள்.

● வெனிஸுக்குத் தெற்கே இருக்கும் சானிபல் தீவில் 1995 முதல் உயிருள்ள சங்கு, சிப்பி எதையும் எடுக்கத் தடை. உள்ளே துறவி நண்டு இருந்தாலும் உயிருள்ளதுதான். மணல் டாலர் என்ற தட்டையான கடலுயிர் வெள்ளையாக இருந்தால் செத்தது; பழுப்பாக, மெல்லிய முட்கள் அசைந்தால் உயிரோடு இருக்கிறது.

● தண்ணீரில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்கக் கூடாது; தேய்த்துத் தேய்த்து நடக்க வேண்டும். மணலில் படுத்திருக்கும் திருக்கை அதிர்வை உணர்ந்து விலகிவிடும்.

● மே முதல் அக்டோபர் வரை காஸ்பர்சனில் கடல் ஆமைகள் முட்டையிடும் காலம். ஆமை விழுந்துவிடாமல் இருக்க, தோண்டிய குழியை மூடிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

● அந்தக் கரையில் ஒதுங்கும் 'லைட்னிங் வெல்க்' என்ற சங்குக்கும் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. சுழிமுனையை மேலே வைத்து, வாய் நம்மைப் பார்க்கப் பிடித்தால், பெரும்பாலான சங்குகளுக்கு வாய் வலப்பக்கம் இருக்கும். இதற்கு இடப்பக்கம். மன்னார் வளைகுடாச் சங்கில் மிக மிக அரிதாகக் கிடைக்கும் வலம்புரிக்கும் அப்படித்தான். அதனால் அங்கே சாதாரணமாகக் கிடைக்கும் இந்த வெல்க்கை இங்கே வலம்புரி என்று சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள். உண்மையான வலம்புரியின் வாய்க்குள், நடுத்தண்டில் மூன்று நான்கு மேடான வரிகள் ஓடும். வெல்க்கில் அந்த வரிசை இருக்காது. பூஜையறைக்கு வலம்புரி வாங்கப் போகிறவர்கள், பணத்தை எடுக்கும் முன் உள்ளே விரலை விட்டுத் தடவிப் பாருங்கள்.