சாரலும் சந்தையும்

குற்றாலத்தில் சாரற்காலம் முடிந்ததும் கடைகள் பிரிக்கப்படுவதைத் தென்காசி மாணவர்கள் அறிவர். மறு ஆண்டு அருவியில் நீர் பெருகும், கடைகளும் திரும்பும். ஆனால் பெருந்தொழில் ஒன்று சந்தையை விட்டு நீங்கினால் நேர்வது யாது?

பின்லாந்து நாட்டு நோக்கியா நிறுவனம் 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் கைபேசி செய்யத் தொடங்கியது. தொடுதிரைக் கைபேசிகள் பெருகவே அதன் விற்பனை சரிந்தது. 2014 ஏப்ரலில் கைபேசித் தொழிலை மைக்ரோசாப்ட் நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. வரி வழக்கில் முடக்கப்பட்டிருந்தமையால் ஸ்ரீபெரும்புதூர் ஆலை அவ்விற்பனையில் சேரவில்லை. சில திங்கள் மைக்ரோசாப்டுக்கே கைபேசி செய்தளித்தது. அவ்வொப்பந்தமும் முடியவே, 2014 நவம்பர் 1-இல் உற்பத்தி நின்றது. ஆயிரக்கணக்கான இளைஞர் வேலையிழந்தனர்.

2019-இல் சால்காம்ப் நிறுவனம் அவ்வாலையை வாங்க முன்வந்தது. கட்டடம் ஐந்தாண்டு காத்திருந்தது; வயிறு அவ்வாறு காத்திருக்குமா? ஒரு பொருளை மட்டும் செய்யப் பழகிய கை, அப்பொருளோடு ஓய்ந்துவிடும். பொருளின் தத்துவத்தையும் கற்ற கை வேறொன்றைச் செய்யும். மாணவர்கள் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று.