விற்கக் கூடாது, வைத்திருக்கலாம்: வாஷிங்டன் மாநிலத் துப்பாக்கிச் சட்டம் சொல்வது என்ன?

அமெரிக்காவில் துப்பாக்கிக்குத் தடை என்று செய்தி வந்தால், போலீசார் வீடு வீடாகச் சென்று துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்வார்கள் என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். வாஷிங்டன் மாநிலத்தில் நடந்தது அதுவல்ல. (தலைநகர் வாஷிங்டன் வேறு, இது சியாட்டல் நகரம் உள்ள மேற்குக் கரை மாநிலம்.)

2023 ஏப்ரல் 25ஆம் தேதி ஆளுநர் ஜே இன்ஸ்லி கையெழுத்திட்ட சட்டம், ஏஆர்-15, ஏகே-47 உட்பட 50க்கும் மேற்பட்ட துப்பாக்கி ரகங்களை விற்பதையும் தயாரிப்பதையும் மாநிலத்திற்குள் கொண்டு வருவதையும் தடை செய்கிறது. ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் வைத்துக்கொள்ளலாம். உரிமையாளர் இறந்தால் வாரிசுக்குச் சேரலாம். காவல் துறைக்கும் இராணுவத்திற்கும் விலக்கு உண்டு.

எது தடைக்குரிய துப்பாக்கி என்பதில்தான் சிக்கலே. பெயரை மட்டும் பட்டியலிட்டால், தயாரிப்பாளர் பெயரை மாற்றி அதையே மீண்டும் விற்கலாம். அதனால் சட்டம் அமைப்பையும் பார்க்கிறது. தோட்டாப் பெட்டியைக் கழற்றி மாட்டக்கூடிய அரைத் தானியங்கித் துப்பாக்கியில் மடக்கும் பின்கட்டை போன்ற குறிப்பிட்ட அம்சங்களில் ஒன்று இருந்தாலும் அது தடைக்குள் வந்துவிடும். ஒவ்வொரு முறையும் கையால் இழுத்துச் சுடும் வேட்டைத் துப்பாக்கிக்குத் தடையில்லை.

கையெழுத்தான உடனேயே சட்டம் நடப்புக்கு வந்தது. அவகாசம் கொடுத்திருந்தால் கடைகளில் கூட்டம் முண்டியடித்திருக்கும்.

இதன் வேர் 2016ஆம் ஆண்டில் இருக்கிறது. முக்கில்தியோ நகரில் ஒரு வீட்டு விருந்தில் 19 வயது இளைஞர் ஏஆர்-15 ரகத் துப்பாக்கியால் சுட்டு மூன்று இளையர்களைக் கொன்றார். துப்பாக்கியைச் சட்டப்படிதான் வாங்கியிருந்தார். அதன்பின் மாநிலத் தலைமை வழக்கறிஞர் பாப் ஃபெர்குசன் ஆண்டுதோறும் இந்தத் தடையை வலியுறுத்தி வந்தார்.

நம் மலேசியாவில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் நாடாளுமன்றம் இயற்றியது. அங்கேயும் அப்படி ஒன்று இருந்தது. 1994இல் வந்த கூட்டரசுத் தடை 2004இல் காலாவதியானது. நாடாளுமன்றம் அதைப் புதுப்பிக்கவில்லை. பொறுப்பு மாநிலங்கள் கைக்குப் போனது.

வாஷிங்டன் சட்டத்தை எதிர்த்து அன்றே வழக்குத் தொடுக்கப்பட்டது. ஆயுதம் வைத்திருப்பது அரசியலமைப்பு தந்த உரிமை என்பது எதிர்ப்பாளர்களின் வாதம். நாட்டின் வரலாற்று மரபோடு ஒத்துப்போகும் கட்டுப்பாடுதான் செல்லும் என உச்ச நீதிமன்றம் 2022இல் அளித்த தீர்ப்பு அவர்களுக்குத் தெம்பு தந்தது.

கிழக்கே ஒட்டியிருக்கும் ஐடஹோ மாநிலத்தில் இத்தகைய தடை கிடையாது. அங்கிருந்து வாங்கி வருவது குற்றம்தான். ஆனால் இரு மாநில எல்லையில் சோதனைச் சாவடி எதுவும் இல்லை.