சிரிப்புப் படத்தில் 'நம்பர் ஒன்' எது? கொட்டாம்பட்டி டீக்கடைகளில் தீராத வழக்கு!

கொட்டாம்பட்டி,

வெட்டு இல்லை, குத்து இல்லை. போலீசில் புகாரும் இல்லை. ஆனாலும் வழக்கு மட்டும் வருஷக்கணக்காக நடக்கிறது. வாதி உண்டு, பிரதிவாதி உண்டு, சாட்சிகள் ஏராளம். தீர்ப்புதான் இல்லை!

மதுரை-திருச்சி ரோட்டில் மேலூரைத் தாண்டினால் வருவது கொட்டாம்பட்டி. இங்கே டீக்கடை பெஞ்சில் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் போதும். மழை, விலைவாசி, எலெக்ஷன் எல்லாம் பேசி முடித்த பிறகு பேச்சு சினிமாவுக்குத் தாவும். சினிமாவில் எங்கே சுற்றினாலும் கடைசியில் வந்து நிற்கிற இடம் ஒன்றுதான்.

"தமிழில் வந்த சிரிப்புப் படத்துலயே ஒசந்தது எது?"

அவ்வளவுதான். டீ ஆறிவிடும். பஸ்சைத் தவற விடுகிறவர்களும் உண்டு.

இதுபற்றிய ருசிகர விவரம் வருமாறு:-

மூன்று கட்சிகள்

இந்த வழக்கில் மூன்று கட்சிகள் இருக்கின்றன. தலை நரைத்தவர்கள் ஒரு கட்சி. ஐம்பதை ஒட்டியவர்கள் ஒரு கட்சி. செல்போனும் கையுமாகத் திரிகிற இளவட்டம் மூன்றாவது கட்சி.

பெருசுகளின் துருப்புச் சீட்டு "காதலிக்க நேரமில்லை" (1964). "கல்யாண பரிசு", "நெஞ்சில் ஓர் ஆலயம்" என்று கண்ணீர்ப் படங்களாக எடுத்துத் தள்ளிய டைரக்டர் ஸ்ரீதர், திடீரென்று கலரில் ஒரு முழுநீளச் சிரிப்புப் படம் எடுத்தார். கதை வசனத்தில் அவரோடு உட்கார்ந்தவர் சித்ராலயா கோபு. ரவிச்சந்திரனுக்கு அதுதான் முதல் படம்.

அந்தப் படத்தில் நாகேசுக்குப் படம் எடுக்கிற ஆசை. அப்பா பாலையாவிடம் பேய்க் கதை சொல்கிறார். கதவு கிறீச்சிடுவது முதல் எல்லாச் சத்தத்தையும் வாயாலேயே கொடுக்கிறார். பாலையா பயத்தில் வெலவெலத்துப் போகிறார்.

"அந்த ஒரு சீன் போதும்யா. நாகேஷ் பெரிய ஆளா, பாலையா பெரிய ஆளான்னு இன்னைக்கு வரைக்கும் எங்களுக்கே வெளங்கல" என்பது மூத்த கட்சியின் வாதம்.

இந்தப் படம் தெலுங்குக்கும் போனது, இந்திக்கும் போனது. இந்தியில் 1966ல் "பியார் கியே ஜா" என்ற பெயரில் வந்தது. நாகேஷ் வேஷத்தைக் கட்டியவர் மெஹ்மூத். "நம்ம ஊர்ச் சரக்கை வடக்கே கொண்டு போய் வித்தாங்கல்ல? அப்புறம் என்ன போட்டி?" என்று பெருசுகள் மார்தட்டுகிறார்கள்.

'நம்ம மேலூர் ஆளு'

அடுத்த கட்சி சும்மா இருக்குமா? அவர்கள் கையில் இருப்பது "கரகாட்டக்காரன்" (1989).

இதில் உள்ளூர்ப் பாசமும் கலந்திருக்கிறது. கதாநாயகன் ராமராஜன் பக்கத்து மேலூர்க்காரர். சினிமாவுக்குப் போகும் முன் மேலூரில் ஒரு தியேட்டரிலேயே வேலை பார்த்தவர். 1998ல் திருச்செந்தூர் தொகுதியின் எம்.பி.யாகவும் ஆனார். கங்கை அமரன் டைரக்ட் செய்த அந்தப் படம் மதுரையில் ஒரு வருஷத்தைத் தாண்டி ஓடியது.

ஒரு ரூபாய்க்கு இரண்டு வாழைப்பழம். ஒன்று இங்கே, இன்னொன்று எங்கே? கவுண்டமணி கேட்ட இந்தக் கேள்விக்கு செந்தில் சொன்ன பதிலைத் தமிழ்நாட்டில் பச்சைப் பிள்ளையும் சொல்லும்.

அந்த ஐடியா யாருடையது என்று கேட்டுப் பாருங்கள். பெஞ்சில் பாதிப் பேர் முழிப்பார்கள். கவுண்டமணி - செந்தில் ஜோடிக்குக் காமெடி எழுதிக் கொடுத்தவர் ஏ.வீரப்பன். அவரும் ஒரு நகைச்சுவை நடிகர். ஊரே சிரித்தது, எழுதினவர் பெயர் ஊருக்குத் தெரியவில்லை.

ஆனால் இந்த இடத்தில் மூத்த கட்சி சரியான குறுக்குக் கேள்வி ஒன்றைப் போடுகிறது. "கரகாட்டக்காரன் சிரிப்புப் படமா, இல்ல, சிரிப்பு இருக்குற படமா?"

இதுதான் வழக்கின் முக்கியப் புள்ளி.

கதை ஒரு பக்கம், காமெடி ஒரு பக்கம்

தமிழ்ப் படத்தில் காமெடியைத் தனியாக எடுத்து நடுவில் ஒட்டுகிற வழக்கம் வெகு காலமாக உண்டு. "கல்யாண பரிசு" (1959) அழ வைக்கிற படம். அதில் எழுத்தாளன் என்று புளுகித் திரிகிற தங்கவேலு மட்டும் சிரிக்க வைப்பார். 2003ல் வந்த "வின்னர்" படத்தின் கதையை இன்று கேட்டால் பலருக்கு நினைவில்லை. ஆனால் வடிவேலுவின் கைப்புள்ளையை மறந்தவர் யார்? அவர் தலைமை தாங்கிய "வருத்தப்படாத வாலிபர் சங்கம்" என்ற பெயரிலேயே 2013ல் ஒரு படம் வந்து சக்கைப்போடு போட்டது.

"துண்டு துண்டா சிரிச்சா அது நல்ல படமாயிடுமா? முதல்ல இருந்து கடைசி வரைக்கும் கதையே சிரிப்பா நிக்கணும்" என்கிறது ஒரு தரப்பு.

"சிரிப்பு வந்துச்சா, இல்லையா? அதுக்கு மேல என்ன சட்டம் பேசுறீக?" என்கிறது எதிர்த் தரப்பு.

முதல் சட்டத்தை ஒப்புக்கொண்டால் பட்டியல் சட்டென்று சுருங்கிவிடும். ஆனாலும் மிஞ்சுகிறவை லேசுப்பட்டவை அல்ல. எஜமானுக்கும் வேலைக்காரனுக்கும் ஒரே பெயர் வைத்து டி.ஆர்.ராமச்சந்திரனும் காளி என்.ரத்தினமும் கலக்கிய "சபாபதி" (1941). பாலசந்தரின் "பாமா விஜயம்" (1967). தேங்காய் சீனிவாசன் போலிச் சாமியாராக வந்த "காசேதான் கடவுளடா" (1972). அதே தேங்காய் சீனிவாசனை ரஜினிகாந்த் மீசையை வைத்தும் எடுத்தும் ஏமாற்றிய "தில்லுமுல்லு" (1981). பாண்டியராஜனின் "ஆண்பாவம்" (1985).

இந்த "ஆண்பாவம்" கதாநாயகர்களில் ஒருவரான பாண்டியன், மதுரை மீனாட்சி அம்மன் கோவில் பக்கம் வளையல் விற்றுக் கொண்டிருந்தவர். பாரதிராஜா கண்ணில் பட்டு "மண்வாசனை" (1983) படத்தில் நடிகரானார். இதையும் மதுரைக் கணக்கில் சேர்க்கச் சொல்லி ஒரு கூட்டம் அடம் பிடிக்கிறது.

இரண்டாம் தடவைதான் புரியும்

நடு வயதில் படித்தவர்கள் தனி அணியாகப் பிரிந்து "மைக்கேல் மதன காமராஜன்" (1990) கொடியைப் பிடிக்கிறார்கள். கமலஹாசனுக்கு நாலு வேஷம். டைரக்ஷன் சிங்கீதம் சீனிவாசராவ். வசனம் கிரேசி மோகன். பாலக்காட்டுச் சமையல்காரர் வைக்கிற கல்யாணச் சாம்பாரில் மீன் விழுந்துவிட்டு, அதை எடுக்க அவர்கள் படுகிற பாடு இருக்கிறதே!

"ஒரு ஜோக்குக்கு சிரிச்சு முடிக்கிறதுக்குள்ள மூணு ஜோக்கு ஓடிப் போயிரும். ரெண்டாந்தடவை பாத்தாத்தான் புடிபடும்" என்பது இவர்கள் கட்சி. கிரேசி மோகன் 2019 ஜூன் 10ந் தேதி காலமானார். படம் மட்டும் இன்றும் புதிதாகவே இருக்கிறது.

சுத்தியல் விழுந்தது, உலகமே அலறியது

இளவட்டக் கட்சியின் தலைவர் வடிவேலுதான். மதுரைக்காரராயிற்றே, சொல்ல வேண்டுமா?

அவர்கள் நீட்டும் முதல் சாட்சி "இம்சை அரசன் 23ம் புலிகேசி" (2006). டைரக்டர் சிம்புதேவன். வடிவேலு இரட்டை வேஷத்தில் கதாநாயகனாக நடித்த முழுநீளச் சிரிப்புப் படம். எனவே "ஒட்டுக் காமெடி" என்ற குற்றச்சாட்டு இதற்குப் பொருந்தாது என்பது வாதம்.

இரண்டாவது சாட்சி இன்னும் பலமானது. "பிரண்ட்ஸ்" (2001) படத்தில் காண்டிராக்டர் நேசமணி தலையில் சுத்தியல் விழும். படம் வந்து 18 வருஷம் கழித்து, 2019 மே மாதக் கடைசியில், பாகிஸ்தானைச் சேர்ந்த ஒரு பேஸ்புக் பக்கத்தில் சுத்தியல் படத்தைப் போட்டு "உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர்?" என்று கேட்டார்கள். நம் ஊர்ப் பையன் ஒருவன் நேசமணி கதையை எடுத்துவிட்டான். அவ்வளவுதான்! நேசமணி பிழைக்க வேண்டும் என்று ஊர் உலகமெல்லாம் பிரார்த்தனைக் கூத்து. டில்லியில் பிரதமர் மோடி இரண்டாம் முறை பதவி ஏற்கிற நேரத்தில், இணையத்தில் நேசமணி அவரோடு மல்லுக்கு நின்றார்.

"காதலிக்க நேரமில்லைக்கு இப்படி நடந்துச்சா பெருசு?" என்று கேட்டால் பெருசுகள் டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டு முறைக்கிறார்கள்.

பெண்கள் போட்ட போடு

இந்த வழக்கில் பெண்களை யாரும் சாட்சிக்குக் கூப்பிடுவதில்லை. பஸ்சுக்கு நிற்கிற பெண்கள் காதில் விழுந்ததற்குத் தாங்களாகவே போடுகிற போடுதான் பலமாக விழுகிறது.

"ஏன்ணே, சிரிக்க வச்சது ஆம்பளைக மட்டுந்தானா? ஆச்சி பேரு எங்க?"

நியாயமான கேள்வி. ஆயிரம் படத்துக்கு மேல் நடித்தவர் மனோரமா. கலைவாணருக்குச் சரிசமமாக நின்றவர் டி.ஏ.மதுரம். "சதிலீலாவதி" (1995) படத்தில் கோவைத் தமிழில் கமலஹாசனை ஒரு கை பார்த்தவர் கோவை சரளா. எந்தக் கட்சியின் பட்டியலிலும் இவர்கள் பெயர் முதலில் வருவதில்லை.

இன்னொரு கேள்வி அதைவிடக் காரமானது. கறுப்பாக இருப்பவனை, குண்டாக இருப்பவனை, பல் எடுப்பானவனை வைது, எட்டி உதைத்து வரவழைக்கிற சிரிப்பு எந்த வகை? படத்தில் கேட்ட பட்டப் பெயர் மறுநாள் பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளையின் தலையில் விழுகிறது. அந்தப் பிள்ளை வீட்டுக்கு வந்து அழுவதை யார் படம் எடுத்தார்கள்?

இந்தக் கேள்விக்கு மூன்று கட்சியிலும் பதில் இல்லை. "அது சும்மா தமாஷுக்கு" என்று இழுக்கிறார்கள். அடி வாங்கினவன் அப்படிச் சொன்னால் சரி. அடித்தவன் சொன்னால்?

ஜெயிலுக்குப் போன சிரிப்பு

சிரிப்பால் ஊரைத் திருத்தலாம் என்று காட்டியவர் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன். தாழ்த்தப்பட்ட பிள்ளை படித்து முன்னுக்கு வருவதை "கிந்தனார்" காலட்சேபமாக்கி, சிரிப்பு மாத்திரைக்குள் மருந்தை வைத்துக் கொடுத்தார்.

அவர் பட்ட பாடு சாதாரணமல்ல. 1944 நவம்பரில் "இந்துநேசன்" பத்திரிகை லட்சுமிகாந்தன் சென்னை வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். அந்த வழக்கில் எம்.கே.தியாகராஜ பாகவதரும் கலைவாணரும் கைதாகி, 1945ல் தண்டனை பெற்றார்கள். லண்டன் பிரிவி கவுன்சில் வரை அப்பீல் போய், 1947ல் இருவரும் விடுதலை ஆனார்கள். வெளியே வந்த பாகவதரால் பழையபடி எழுந்திருக்க முடியவில்லை. கலைவாணரோ மறுபடியும் ஊரைச் சிரிக்க வைத்தார். 1957ல் காலமாகும் வரை அவர் நிறுத்தவில்லை.

சந்திரபாபு கதை இன்னும் சோகம். "சபாஷ் மீனா" (1958) படத்தில் சிவாஜிக்கே ஈடு கொடுத்தவர், சொந்தப் படம் எடுக்கப் போய்ப் பாதியில் நின்று, கையில் இருந்ததை இழந்து, 1974ல் மறைந்தார்.

அமெரிக்காவிலும் இதே சண்டை

இது கொட்டாம்பட்டி வியாதி மட்டுமல்ல. 2000ம் ஆண்டில் அமெரிக்கத் திரைப்படக் கழகம் 100 சிரிப்புப் படங்களுக்கு வரிசை போட்டது. முதல் இடம் "சம் லைக் இட் ஹாட்" (1959). இரண்டாம் இடம் "டூட்சி" (1982). இரண்டிலுமே கதாநாயகர்கள் பொம்பளை வேஷம் கட்டுகிறார்கள்! நம் "அவ்வை சண்முகி" (1996) நினைவுக்கு வருகிறதா? சேலை கட்டிய ஆம்பளையைக் கண்டால் அமெரிக்காக்காரனும் சிரிக்கிறான், ஆண்டிப்பட்டிக்காரனும் சிரிக்கிறான்.

தீர்ப்பு என்ன?

மூன்று கட்சி வாதத்தையும், பெண்கள் தரப்பையும் சேர்த்துப் பார்த்தால் மூன்று விதி தேறுகிறது. ஒன்று, காமெடியை எடுத்துவிட்டால் படமே இருக்கக் கூடாது. இரண்டு, பத்தாவது தடவையும் சிரிப்பு வர வேண்டும். மூன்று, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவன் மனசு நோகாமல் சிரிக்க வேண்டும்.

இந்த மூன்றையும் வைத்து எடை போட்டால், இன்றைய நிலவரப்படி "காதலிக்க நேரமில்லை" தராசு தாழ்கிறது. "மைக்கேல் மதன காமராஜன்" அரை மாற்றுதான் குறைவு. இளவட்டங்கள் அப்பீல் போகலாம். தடை ஏதும் இல்லை.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. போட்டிக்கு வர வேண்டிய பல படங்கள் உயிரோடு இல்லை. 1936ல் கலைவாணர், பாலையா, எம்.ஜி.ஆர். நடித்து வந்த பழைய "சதிலீலாவதி"யின் பிரதி ஒன்றுகூட இல்லை என்கிறார்கள். 1930களில் வந்த படங்களில் பெரும்பாலானவற்றின் கதி இதுதான்.

கொட்டகைகள் மூடப்பட்டபோது பிலிம் பெட்டிகள் எங்கே போயின? மதுரையில் 1952ல் "பராசக்தி"யோடு திறந்த தங்கம் தியேட்டரே இடிக்கப்பட்டு, அங்கே இன்று ஜவுளிக்கடை நிற்கிறது. சுற்றுவட்டாரத்தில் டூரிங் கொட்டகை நடத்திய குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. அவர்கள் வீட்டுப் பரணில் துருப்பிடித்த தகரப் பெட்டி ஏதாவது கிடந்தால் பழைய இரும்புக்குப் போட்டுவிட வேண்டாம். 1950க்கு முந்திய பிலிம் சுலபமாகத் தீப்பற்றும். அடுப்பு, பீடி, சிகரெட் பக்கத்தில் திறக்கவும் வேண்டாம். இப்படிப்பட்ட படங்களைப் பாதுகாக்கவென்றே 1964 முதல் புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் இருக்கிறது. ஒரு கடிதம் போட்டால் போதும்.

யார் கண்டது? நம்பர் ஒன் படம் அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கலாம்!