மாமையும் திரைப்பட நாயகியும்

பாரி மகளிரைத் தமிழ் கற்றோர் யாவரும் அறிவர். மூவேந்தரால் தந்தையையும் பறம்பையும் இழந்தபின், முழுமதியைக் கண்டு அவர்கள் வருந்திப் பாடிய செய்யுள் புறநானூற்றில் 112ஆம் பாட்டாக உள்ளது. கபிலர் அவர்களுக்காக விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் மணம் பேசினார், அவர்கள் உடன்பட்டிலர். அதற்குப் பெண்களின் நிறம் காரணமென்று அப்பாடல்களில் ஓரிடத்தும் இல்லை.

அம்மகளிர்க்குப் பிற்கால மரபு வழங்கிய பெயர்கள் அங்கவை, சங்கவை என்பன. 2007ஆம் ஆண்டில் வெளிவந்த ‘சிவாஜி’ என்னும் திரைப்படம் அப்பெயர்களையே எடுத்து, மேனியிற் கருமை பூசிய இரு பெண்களுக்கு இட்டு, அவர்களைக் கண்ட அளவிலே காண்போர் நகைக்குமாறு அமைத்தது. நாயகன் விரும்பும் பெண்ணோ வெண்ணிறத்தாள். அவள் பெயர் தமிழ்ச்செல்வி! வடநாட்டு நடிகையாகிய சிரேயா அவ்வேடம் தாங்க, கனிகா என்னும் மற்றொரு நடிகை குரல் கொடுத்தார். ஒருத்தியின் உருவும் இன்னொருத்தியின் குரலும் ஒப்பனையும் ஒளியும் கூடி ஆக்கிய அப்பெண்ணை, படம் பார்த்துத் திரும்பும் இளம்பெண் தன் கண்ணாடியிலே தேடுகின்றாள். நாயகனின் நிறமும் போதாதென்று, ஒரு பாட்டில் ஐரோப்பியப் பெண்ணொருத்தியின் தோல்நிறத்தைக் கணினி வாயிலாக அவர் மேனியில் ஏற்றினர். அவ்விந்தையை ஈண்டு விரித்தல் வேண்டா.

சங்கப் புலவர் கண்ட அழகு வேறு. மகளிர் மேனிக்குச் சிறப்பாக அவர்கள் கூறியது மாமை. அதனை மாந்தளிர் நிறம் என உரையாசிரியர் விளக்குவர். தலைவனைப் பிரிந்த துயரால் மேனி நிறம் வேறுபட்டு வெளிறுதல் பசலை எனப்படும். அது நோயின் அடையாளம். கன்றும் உண்ணாமல் கலத்திலும் படாமல் நிலத்திற் சிந்திய பாலைப்போலத் தலைவியின் மாமை வீணே பசலைக்கு இரையாவதை, வெள்ளிவீதியார் குறுந்தொகை 27ஆம் பாட்டிற் கூறுகின்றார். திருக்குறளில் இந்நோய்க்கென ஓர் அதிகாரமே உண்டு. பாரதத்திற் பேரழகியாகிய திரௌபதிக்குக் கிருஷ்ணை என்ற பெயரும் கருநிறத்தால் வந்ததே. பழந்தமிழ்த் தலைவி எதனைக் கண்டு அஞ்சினாளோ, ஏறக்குறைய அதனையே இன்றைய நாயகியின் முகத்தில் ஒப்பனையாளர் பூசுகின்றனர்.

இவ்விருப்பத்தைத் திரைப்படமே தோற்றுவித்தது என்பது மிகையாகும். முகத்தை வெளுப்பிக்கும் களிம்பொன்று 1975இலேயே இந்தியக் கடைகளுக்கு வந்துவிட்டது. யாழ்ப்பாணத்துக் கலியாணப் பேச்சிலும் பெண்ணின் படிப்புக்கு முன்னே நிறம் விசாரிக்கப்படுவதுண்டு. ஆயினும் வீட்டுக்குள்ளே தாழ்ந்த குரலிற் கேட்கப்பட்ட கேள்வியைத் திரைப்படம் ஊரறியச் சிரிப்பாக்கிவிட்டது. அங்கவை, சங்கவை என்னும் பெயர்களை அப்படத்திலேயே முதன்முதற் கேட்ட மாணவர்க்குப் பறம்பின் பாட்டைக் கற்பிக்கப் புகும் ஆசிரியர், முதலில் வகுப்பின் சிரிப்பு அடங்கும்வரை காத்திருக்க வேண்டியுள்ளது.