புகையை அளக்கும் கருவிக்கும் ஒரு சோதனை

(பத்தாம் வகுப்பு மாணவி, திருவதிகை)

நெய்வேலி என்றதும் பழுப்பு நிலக்கரியும் மின்சாரமுமே நம் நினைவுக்கு வரும். அங்கு முதல் அனல்மின் நிலையம் 1962-ல் இயங்கத் தொடங்கி, 2020-ல் ஓய்வு பெற்றது. பின்னர் வந்தவை மின்சாரம் தருகின்றன. நிலக்கரி எரிந்தால் புகை வரும். புகையில் கந்தக டை ஆக்சைடு என்னும் வாயு இருக்கும். அது மூச்சுக்குழலுக்குப் பகை.

இந்தப் புகையை இடைவிடாது அளக்கும் கருவிகளை அனல்மின் நிலையம் உள்ளிட்ட 17 வகைத் தொழிற்சாலைகள் பொருத்த வேண்டுமென்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014-ல் பணித்தது. 2003-க்குள் அமைந்த, 500 மெகாவாட்டுக்குக் குறைந்த அலகுகளுக்கு ஒரு கன மீட்டருக்கு 600 மில்லிகிராம் என்று 2015-ல் வரம்பும் வகுக்கப்பட்டது. (கெடு பலமுறை தள்ளிப்போய், 2025-ல் பல நிலையங்களுக்கு விலக்கும் கிடைத்தது. அது வேறு கதை!)

தோழியரே, அளக்கும் கருவி சரியாக அளக்கிறதா என்று எப்படி அறிவது? பண்ருட்டிச் சந்தைத் தராசை நினைத்துக் கொள்ளுங்கள். தட்டு வெறுமையாக இருக்கும்போது முள் நடுவில் நிற்க வேண்டும். பிறகு முத்திரையிட்ட எடைக்கல்லை வைத்தால் அதே எடையைக் காட்ட வேண்டும். வாயுக் கருவிக்கும் இவ்விரண்டும்தான் சோதனை. வெறும் தட்டுக்குப் பதில் தூய நைட்ரஜன். இதைச் சீரோ கேஸ் என்பார்கள். எடைக்கல்லுக்குப் பதில், அளவு தெரிந்த வாயு அடைத்த சிலிண்டர். இது ஸ்பான் கேஸ். நம் இயற்பியல் வகுப்பில் வெர்னியர் அளவியில் பார்க்கும் சுழிப்பிழையும் இதற்கு உறவினர்தான்.

ஒரு கணக்குப் போடுவோம். சீரோ கேஸுக்குக் கருவி 0 காட்டுகிறது. 800 மில்லிகிராம் உள்ள ஸ்பான் கேஸுக்கு 720 காட்டுகிறது. அதாவது உண்மையில் பத்தில் ஒன்பது பங்கே சொல்கிறது. அன்றைக்குப் புகைக்கு 585 என்று காட்டினால் வரம்புக்குள் இருப்பதாகத் தோன்றும். 585-ஐ 0.9-ஆல் வகுத்தால் 650! மூச்சு விடுகிறவர்களுக்கு இந்த வேறுபாடு சிறிதல்ல.

இச்சோதனையை ஆள் நின்று செய்யாமல், கருவியே குறித்த நேரத்தில் செய்யும்படி பணிகளாகப் பதிவு செய்து வைக்கலாம். எந்த வால்வு திறக்க வேண்டும், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்று எழுதி வைப்பார்கள். நேரத்தைக் குறைத்துவிட்டால், குழாயில் தங்கிய பழைய புகையும் சேர்ந்து அளக்கப்படும். எண் நிலைபெற்ற பிறகே எடுக்க வேண்டும். சோதனை நடக்கும் நிமிடங்களைத் தனியே குறியிடவும் வேண்டும். இல்லையேல் நைட்ரஜன் காட்டும் சுழியும் புகைக் கணக்கில் சேர்ந்து சராசரியைக் குறைத்துவிடும்.

வாயுவை எங்கே செலுத்துவது என்பதையும் பார்க்க வேண்டும். கருவியின் வாயிலில் மட்டும் செலுத்தினால் கருவி தேறிவிடும்; ஆனால் புகைபோக்கியிலிருந்து வரும் நீண்ட குழாயில் ஓட்டை இருந்தால் தெரியாது. காற்று புகுந்து புகை நீர்த்துப் போயிருக்கும். ஆகவே குழாயின் மேல்முனையிலிருந்தும் செலுத்திப் பார்ப்பது நல்லது. குழாயைச் சூடாக வைப்பதும் இதனால்தான். குளிர்ந்தால் நீராவி நீராகி, கந்தக டை ஆக்சைடு அதில் கரைந்துவிடும்.

கருவி தன் பிழையைத் தானே திருத்திக்கொள்ளவும் பணி வைக்கலாம். இதற்கு ஒரு வரம்பு கட்டாயம் வேண்டும் என்பது என் எண்ணம். சிலிண்டர் வால்வை யாரேனும் பாதி மூடியிருந்தால், ஸ்பான் கேஸ் சரியாக வராது. பாவம், கருவிக்கு அது எப்படித் தெரியும்? தன்னிடம்தான் பிழை என்று நினைத்து எல்லா எண்களையும் உயர்த்திவிடும். சிறு வேறுபாடானால் திருத்தலாம். பெரிதானால் திருத்தாமல் மணியடித்து ஆளைக் கூப்பிட வேண்டும். வருகிறவர் முதலில் பார்க்க வேண்டியது சிலிண்டரின் அழுத்தமானியையும், அதன் சான்றிதழில் உள்ள காலாவதித் தேதியையும்.