வயலின் மேதை யோசேப் யோவாக்கிம்

இசையை ஆக்கியவர் பெயர் நிலைத்து நிற்கும். அது செவ்விய உருப்பெற உடனிருந்து உழைத்தவர் பெயரோ பெரும்பாலும் மறைந்துபோம். ஐரோப்பிய சாஸ்திரீய சங்கீத உலகிலே இத்தகைய துணைவராய் விளங்கிய வயலின் வித்துவான் யோசேப் யோவாக்கிமின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாக எடுத்துரைக்க விழைகின்றோம்.

யோவாக்கிம் 1831ஆம் ஆண்டு, அந்நாளில் ஹங்கேரிக்கு உட்பட்டிருந்த சிற்றூர் ஒன்றிலே யூதக் குடும்பத்திற் பிறந்தார். வியன்னாவிற் பயின்றபின் 1843இல் லைப்சிக் நகரை அடைந்து, இசைப்புலவர் மெண்டெல்சோனின் பேரன்புக்கு உரியவரானார். மறு ஆண்டு மே மாதம் 27ஆந் திகதி, இலண்டன் மாநகரிலே, மெண்டெல்சோன் வாத்தியக் குழுவை நடத்த, பேத்தோவனின் வயலின் கொன்செர்ட்டோவை வாசித்தார். அப்பொழுது அவருக்குப் பதின்மூன்று வயது நிரம்பவில்லை. 1806இல் அரங்கேறியும் அரிதாகவே வாசிக்கப்பட்டு வந்த அவ்வுருப்படி பெருவழக்கடைவதற்கு அச்சிறுவனின் வில் துணைசெய்தது.

கொன்செர்ட்டோ என்பது யாது? தனி வாத்தியம் ஒன்று பெரிய வாத்தியக் குழுவோடு இணைந்தும் எதிர்நின்றும் இசைக்கும் நீண்ட உருப்படியாம். நம் கச்சேரிகளிலே வித்துவான் மனோதர்மத்தால் ஸ்வரங்களைத் தொடுப்பார்; அங்கோ ஏறக்குறைய ஒவ்வொரு ஸ்வரமும் முன்னரே எழுதப்பட்டிருக்கும். எழுதுபவர் வயலினிற் கைதேர்ந்தவராக இல்லாவிடின், விரலுக்கு எட்டாதனவும் வில்லுக்கு இணங்காதனவும் தாளிலே புகுந்துவிடல் கூடும். வாசிப்பவரின் ஆலோசனை வேண்டப்படுவது இதனாலேயே.

இசைப்புலவர் பிராம்ஸ் பியானோவிலே வல்லவர். 1853இல் யோவாக்கிமைச் சந்தித்த நாள் முதல் இருவரும் உயிர் நண்பராயினர். 1878ஆம் ஆண்டு கோடையிலே பிராம்ஸ் தமது வயலின் கொன்செர்ட்டோவின் தனிவாத்தியப் பகுதியை நண்பருக்கு அனுப்பி, கடினமானவை, வசதியற்றவை, வாசிக்க இயலாதவை எவையெனக் குறித்தனுப்புமாறு வேண்டினார். யோவாக்கிம் தயக்கமின்றித் திருத்தங்கள் கூறினார். பிராம்ஸ் அவற்றுட் சிலவற்றை ஏற்றார், சிலவற்றைத் தள்ளினார். 1879 சனவரி 1ஆந் திகதி லைப்சிக்கிலே, பிராம்ஸ் குழுவை நடத்த, யோவாக்கிம் அதனை அரங்கேற்றினார். அதில் வயலின் தனித்து ஒலிக்கும் கடென்சா என்னும் பகுதியை யோவாக்கிமே இயற்றினார். அது இன்றும் வாசிக்கப்படுகின்றது. மக்ஸ் புரூக் என்பாரின் முதலாம் கொன்செர்ட்டோவும் யோவாக்கிமின் ஆலோசனையாற் திருத்தப்பெற்று, 1868இல் அவராலேயே வாசிக்கப்பெற்றது.

ஆயினும் துணைவரின் தீர்ப்பு எஞ்ஞான்றும் நன்மையே பயந்தது என்று நாம் கூறோம். துவோர்சாக் தமது கொன்செர்ட்டோவை யோவாக்கிமின் விருப்பப்படி பெரிதும் மாற்றி எழுதி, அவருக்கே காணிக்கையாக்கினார். யோவாக்கிமோ அதனை மேடையில் ஒருபொழுதும் வாசித்திலர். 1883இல் பிராக் நகரில் வேறொருவரே அரங்கேற்றினார். சூமான் 1853இல் அவருக்கென எழுதிய கொன்செர்ட்டோவின் கதை இன்னும் இரங்கத்தக்கது. சிலகாலத்தின்பின் மனநோயுற்ற சூமான் 1856இல் மறைந்தார். அவ்வாக்கம் நோயின் நிழல் படிந்ததென யோவாக்கிமும் சூமானின் மனைவி கிளாராவும் கருதி, அதனை வெளியிடாது வைத்தனர். 1937ஆம் ஆண்டிலேதான் அது பெர்லினில் முதன்முதல் மேடையேறிற்று. பிராம்ஸ் மறுத்துரைக்கும் நிலையில் இருந்தார். சூமானுக்கு அவ்வாய்ப்பு இல்லை. மறுமொழி கூற ஒருவர் இல்லாதவிடத்து நண்பரின் நல்லெண்ணமே பூட்டாகிவிட்டது.

நட்பும் சோதனைக்கு உள்ளாயிற்று. யோவாக்கிம் தம் மனைவி அமலியின் ஒழுக்கத்தை ஐயுற்று மணமுறிவு கோரியபொழுது, அவ்வம்மையாரின் பக்கம் நின்று பிராம்ஸ் எழுதிய கடிதம் நீதிமன்றத்திற் சாட்சியமாயிற்று. நண்பர் இருவரும் பேச்சற்றுப் பிரிந்தனர். எனினும் யோவாக்கிம் பிராம்ஸின் இசையை வாசிப்பதை நிறுத்தினாரல்லர். 1887இல் வயலினுக்கும் செல்லோவுக்குமாக இரட்டைக் கொன்செர்ட்டோ ஒன்றை எழுதிய பிராம்ஸ், அதன்மூலம் நண்பரை மீளவும் அழைத்தார். அவ்வாண்டு ஒக்டோபர் 18ஆந் திகதி கொலோன் நகரிலே இருவரும் ஒரே மேடையில் நின்றனர்.

1869இல் பெர்லினில் நிறுவப்பெற்ற இசைக் கல்லூரியின் முதல் அதிபராகி, 1907இல் இறக்கும் வரை யோவாக்கிம் மாணவரைப் பயிற்றினார். அவரிடம் முன்னரே பயின்ற லியோபோல்ட் அவர் ரஷ்யாவிலே ஆசிரியராகி, ஹைபெட்ஸ் முதலிய மேதைகளை உருவாக்கினார். 1903இல் பதிவான யோவாக்கிமின் இசைத்தட்டுக்கள் சில இன்றும் கேட்கக் கிடைக்கின்றன. மங்கிய ஒலியினூடே முதியவரின் வில்லோசை நம் செவியை எட்டுகின்றது.

நண்பன் ஆக்கியதைக் கண்டு புகழ்வார் பலர். குறையெடுத்துக் காட்டி, நிறைவாக்கி, அவையேற்றுவார் சிலரே. அச்சிலருள் ஒருவர் யோவாக்கிம். அவர்தம் பிழைகளையும் மறவாது நினைவுகூர்வதே அவருக்கு நாம் செய்யும் உண்மையான மரியாதையாகும்.